மீனும் மாடும் ரத்னம்மாவும் கொடுத்த ரத்தம்

பசுவின் வாலைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் ஓடும் நாளத்தில் ஊசியை ஏற்றிக் குழாய் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்த பெண் திடீரென்று, "சாக்கு, சாக்கு" என்றார். சுற்றிலும் பார்த்தேன். கொட்டகையின் மூலையில் தவிட்டுச் சாக்கு ஒன்று மடித்துக் கிடந்தது. மாட்டின் முகத்தை மூடுவதற்குக் கேட்கிறார் போல என்று நினைத்து, கையை எடுக்க முடியாததால், அதை இடது காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தி மறுபடியும் "சாக்கு" என்றார். ஐஸ் பெட்டியோடு நின்றிருந்த மஞ்சுநாத் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஜெயராணி, கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். எடுத்த ரத்தம் போதும்கறாங்க."

ஊசியை உருவிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்ணின் பெயர் ரத்னம்மா. பாகலூரிலிருந்து பேரிகை போகிற சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி வீடு. நான் தமிழில் பேசியதும் அவர் முகம் மாறியது. "கர்நாடகா நம்பர் வண்டியில வந்தீங்களா, அதான் கன்னடத்துல சொன்னேன். தமிழ்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே போதும்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு மாட்டிடம் தெலுங்கில் ஏதோ சமாதானம் சொன்னார். ஐந்து நிமிடத்துக்குள் மூன்று மொழிகள். அந்த வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கும், என்னைப் போலத் தெற்கிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் கடல் தாண்டிப் போனவள் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு ஒரே பேருந்து, ஒரே மாநிலம், ஒரே ரேஷன் அட்டை. ஆனாலும் முதல் வருடம் முழுக்க வேற்று நாட்டில் இருப்பது போலத்தான் இருந்தது. வாடகை வீடு தேடிப் போன இடத்தில் நான் பேசியதைக் கேட்ட வீட்டுக்காரர், "சிலோன்காரங்களாம்மா?" என்று கேட்டார். "சொல்லுதேன்", "அவிய" என்று பேசுகிற தமிழ் அவருக்குத் தமிழ்நாட்டுத் தமிழாகப் படவில்லை. மார்கழியில் காலை எட்டு மணிக்கும் எதிரே வருகிற பேருந்து தெரியாது. கம்பெனி பேருந்துக்காக நிற்கும் பெண்கள் எல்லாரும் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார்கள். முப்பது வயது வரை ஸ்வெட்டர் என்ற ஒன்று எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. முதல் மாதம் வாங்கியதே அதைத்தான்.

நான் வேலை பார்ப்பது சிப்காட் தொழிற்பேட்டையில், கால்நடை நோய்களைக் கண்டறியும் பரிசோதனைப் பெட்டிகள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தின் லேபில். மஞ்சுநாத் சார் கால்நடை மருத்துவர். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, தினமும் வந்து போகிறவர். அவருக்கு வெகுநாள் ஆசை ஒன்று இருந்தது. முதுகெலும்பு உள்ள பலவகைப் பிராணிகளின் ரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று ஒரே முறையில், ஒரே மருந்தை வைத்து அளந்து ஒப்பிட வேண்டும் என்பது. உரிய அனுமதிகளை வாங்கி, வழக்கமான வேலைக்கு நடுவே இதையும் ஆரம்பித்தார். மீன், கோழி, வாத்து, ஆடு, மாடு, மனிதர் என்று பட்டியல் போட்டோம். தவளையும் ஆமையும் இருந்திருக்க வேண்டும். அவற்றைத் தொடுவதற்குத் தனி அனுமதி தேவை என்பதால் விட்டுவிட்டோம்.

நைட்ரிக் ஆக்சைடு ஒரு வாயு. ரத்தக் குழாயின் உள்சுவரே அதை உண்டாக்கிக்கொள்கிறது. குழாய் இறுக்கம் தளர்ந்து விரியவும் ரத்தம் சிரமமில்லாமல் ஓடவும் அது வேண்டும். ஆனால் ரத்தத்துக்குள் அது கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும், உடனே வேறொன்றாக மாறிவிடும். ஆளைப் பிடிக்க முடியாது. அது மாறிய பிறகு மிஞ்சும் நைட்ரைட், நைட்ரேட் என்ற இரண்டையும் அளந்துதான் ஒரு கணக்குக்கு வருகிறோம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ரத்தத்தின் தெளிந்த நீரை விட்டு, நைட்ரேட்டையும் நைட்ரைட்டாக மாற்றிவிட்டு மருந்தைச் சேர்த்தால், நைட்ரைட் இருக்கும் குழி இளஞ்சிவப்பாகும். அதிகம் இருந்தால் நிறம் அடர்ந்துகொண்டே போகும். அந்த அடர்த்தியை ஒரு மெஷின் படித்து எண்ணாகச் சொல்லும். தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனை லேபில் ஆறு வருடம் சர்க்கரையும் உப்பும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த வேலை பெரிய கொடுப்பினை. அங்கே ஒருவரும் என்னிடம் "ஏன் இப்படி வந்திருக்கிறது?" என்று கேட்டதில்லை. ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே முதல் வாரத்திலேயே மஞ்சுநாத் சார் ஒரு தட்டை என் முன்னால் வைத்து, "இதுல உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ரத்னம்மா வீட்டில் மாடு, நாட்டுக்கோழி, மீன் மூன்றும் இருந்ததால் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அவருடைய கணவர் முனிராஜ் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பல தலைமுறை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். கொஞ்ச நிலம் சொந்தமாகி, அதில் தார்ப்பாய் விரித்த பண்ணைக் குட்டை ஒன்று வெட்டி, ரத்னம்மா மீன் வளர்க்கிறார். குட்டைத் தண்ணீர்தான் பக்கத்திலிருக்கும் தக்காளிக்கும் போகிறது. மாட்டை முடித்த கையோடு குட்டைக்குப் போனோம். ஒரு தொட்டித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் கலந்து, வலையில் பிடித்த மீன்களை அதில் விட்டால், கொஞ்ச நேரத்தில் மயங்கி அசையாமல் கிடக்கும். வாலுக்கு அருகே ஊசியைச் செலுத்தித் துளி ரத்தம் எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் தெளியவைத்து, குட்டையிலேயே திருப்பி விடுவோம்.

முதல் மீனின் ரத்தம் குழாய்க்குள் ஏறியதும் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கடற்கரைப் பக்கம் பிறந்தவள், மீன் அறுத்துப் பழகியவள். மீன் ரத்தம் சிவப்பு என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவோ காபித் தூளைத் தண்ணீரில் கரைத்தது போல இருந்தது. அடுத்த மீனும் அப்படியே. "சார், நிறத்தப் பாருங்க" என்றேன். "எனக்கு மாடுதான் தெரியும் ஜெயராணி. குட்டை மீன் இப்படி இருக்குமோ என்னவோ. எழுதி வச்சுக்கோங்க" என்றார். நோட்டில் "பழுப்பு" என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துத் தட்டைப் போட்டபோது, ரத்னம்மா குட்டையின் குழிகள் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டன. மெஷின் எண்ணே காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் சொன்னது. வேறு இரண்டு குட்டைகளின் மீன்கள் பக்கத்திலேயே வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தன. சார் என் கையுறையிலிருந்து ஆரம்பித்தார். மாற்றினேனா, குழாய் எந்தப் பாக்கெட், தட்டை எங்கே வைத்திருந்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை. கையுறைத் தூளிலும் காகிதத்திலும்கூட நைட்ரைட் ஒட்டியிருக்கும். கவனம் பிசகினால் கணக்கே கெட்டுவிடும். எடுத்து வைத்திருந்த இரண்டாவது குழாயிலிருந்து மறுபடி செய்தேன். அதே நிறம் வந்தது. சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இந்தக் குட்டையை விட்டுடலாம். ஒரு இடத்தால மொத்த ஒப்பீடும் கோணலாயிடும்" என்றார்.

அவர் சொல்லி முடித்த சிறிது நேரத்தில் அவருடைய போன் அடித்தது. முனிராஜ். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நீங்க வந்து ஊசி போட்டுட்டுப் போனீங்க. நேத்துலருந்து மீனு செத்து மெதக்குது."

"ஊசி போடலைங்க. ரத்தம் மட்டும்தான் எடுத்தோம்."

"ஊசி ஊசிதானே சார். ஊருல எல்லாரும் கேக்குறாங்க, இன்னா மருந்து குத்துனாங்கன்னு. மூணு வாரத்துல வலை போடணும். நான் இன்னா பதில் சொல்றது?"

சார் போனை வைத்தார். நிறுவனத்தின் பெயர் இதில் அடிபட்டால் ஆய்வு நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். நாளை நிர்வாகத்திடம் சொல்லி, முறையாக ஒரு கடிதம் கொடுக்கலாம் என்றார். எனக்கு இன்னொரு பயம். அந்தப் பெண் என்னை வீட்டுக்குள் விட்டவர். சாக்கு தள்ளிவிட்ட முட்டாளை மன்னித்துக் காபி கொடுத்தவர். நான் ஊசி குத்தியதால்தான் மீன் செத்தது என்று அவர் நம்பிவிட்டால், இந்த ஊரில் இனி எந்த வாசலில் போய் நிற்பது? "சார், நான் செஞ்சது தப்பில்லன்னா, அந்த எண் சரின்னு அர்த்தம். எண் சரின்னா மீனுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு" என்றேன். அவர் தட்டை இன்னொரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். தன் பெயருக்குக் கெடுதல் வரலாம் என்று தெரிந்தும், ஒரு லேப் டெக்னீஷியன் சொன்னதைக் கேட்டுக் கிளம்பிய அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குட்டைக் கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முனிராஜ் ஷிப்ட் முடிந்து வந்த யூனிபார்மோடு இருந்தார். செத்த மீன்களைக் கரையில் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவை தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. யாரோ, "இவங்கதான் குத்துனது" என்றார்கள். முனிராஜ் குரலை உயர்த்த ஆரம்பித்தபோது ரத்னம்மா அவரைப் பார்த்து, "ஊரிகே உண்டு" என்றார். என் காதில் அது "ஊருக்கே உண்டு" என்று விழுந்தது. ஊரில் எல்லாக் குட்டையிலும் மீன் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். "ஊருக்கே உண்டாக்கா? எத்தனை குட்டை?" என்று பதற்றத்தோடு கேட்டேன். பிறகு கரையில் நின்ற பெண் ஒருவர் சிரித்துவிட்டார். ரத்னம்மாவும் தன்னையறியாமல் சிரித்தார். "உங்களுக்குச் சொல்லல மேடம். இவர சும்மா இருன்னு தெலுங்குல சொன்னேன்." அந்தச் சிரிப்புதான் என்னைப் பேசவிட்டது.

குட்டைத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்தேன். வீட்டுக் குடத்திலிருந்து குடிதண்ணீரை இன்னொன்றில் எடுத்தேன். இரண்டிலும் எல்லாரும் பார்க்க ஒரே மருந்தை ஊற்றினேன். குடத்துத் தண்ணீர் அப்படியே இருந்தது. குட்டைத் தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்து, கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. முனிராஜ் கிட்ட வந்து குழாயைப் பார்த்தார். அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத கேள்வி.

"யாரு வெஷம் கலந்தது?"

அவர் கண் அடுத்த நிலத்துப் பக்கம் போவதைப் பார்த்தேன். அவசரமாக, "யாரும் கலக்கலைங்க. மீன் திங்காத தீனி அடியில கெடந்து மக்கிச்சுன்னா இது தானா வரும். வெயிலில்லாம மூடாக்கா இருந்தா இன்னும் ஏறும்" என்றேன்.

ரத்னம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் தீனிய ரெண்டு பங்காப் போட்டேன். வலை போடுறதுக்குள்ள எடை ஏறட்டும்னு. கோழி எருவும் கொட்டுனேன்" என்றார். எல்லார் முன்னாலும் அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். அவர் பேசாமல் இருந்திருந்தால் பழி எங்கள் மேலோ பக்கத்து நிலத்துக்காரர் மேலோ போயிருக்கும். அன்று எங்களைக் காப்பாற்றியது என் மருந்தை விட அவருடைய அந்த இரண்டு வாக்கியம்தான்.

சார் மீன்வளம் படித்த நண்பர் ஒருவரைப் போனில் பிடித்தார். நண்பர் சொன்னதைச் சார் எங்களுக்கு விளக்கினார். தண்ணீரில் இருக்கும் நைட்ரைட்டை மீனின் செவுள், உப்பில் உள்ள குளோரைடு என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அது ரத்தத்தில் சேர்ந்து ரத்தத்தைப் பழுப்பாக்குகிறது; பழுப்பான ரத்தம் காற்றைச் சுமக்காது. தண்ணீரில் கொஞ்சம் சாதாரண உப்பைக் கரைத்தால் செவுள் அதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். தீனியை நிறுத்த வேண்டும், பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், உப்புப் போட வேண்டும். அவ்வளவுதான்.

உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முனிராஜ் மறுத்துவிட்டார். "இந்தத் தண்ணிதான் சார் தக்காளிக்குப் போவுது. உப்புத் தண்ணி வுட்டா செடி கருகிடும். மீனும் போயி தக்காளியும் போவணுமா?" நியாயமான கேள்வி. குட்டையின் நீள அகலத்தை அளந்து கணக்குப் போட்டோம். ஒரு குடத்துக்கு அரை டீஸ்பூன்கூட வரவில்லை. ரத்னம்மாவிடம் குடமும் டீஸ்பூனும் கேட்டு, அதே அளவு உப்பைக் கரைத்து, முனிராஜிடம் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"உப்பே தெரியலையே மேடம்."

"செடிக்கும் தெரியாதுங்க. இருந்தாலும் கொஞ்ச நாளைக்குத் தக்காளிக்கு வேற தண்ணி விடுங்க."

பக்கத்து நிலத்துக்காரர் கரையில்தான் நின்றிருந்தார். "எங்க போர்ல எடுத்துக்கோ முனிராஜு" என்றார். சற்று முன்பு எந்தப் பக்கம் முனிராஜின் கண் போனது என்பதை அவரும் கவனித்திருப்பார். ஆனாலும் சொன்னார்.

பாகலூர்க் கடையில் இரண்டு மூட்டை கல்லுப்பு வாங்கி வண்டியில் ஏற்றினோம். குட்டைக் கரையில் இறக்கும்போதுதான் மூட்டை மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன். தூத்துக்குடி. கைகளை மூட்டைமேல் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் உப்பு வாரி, தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிற வேலை. வெயிலும் உப்பும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். அம்மாவின் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு ஏறி எரியும். பள்ளி விடுமுறையில் நானும் போயிருக்கிறேன். அந்த வேலையிலிருந்து என்னை எப்படியாவது வெளியே தள்ளிவிட வேண்டும் என்றுதான் அம்மா என்னைப் படிக்கவைத்தார். உப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதாக ஞாபகமே இல்லை. அன்றுதான் முதல் முறை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "ஏட்டி, உப்பக் கொண்டு குளத்துலயா போடுதிய? அங்கன உள்ளவிய ஏசலையா?" என்று கேட்டார். மீன் பிழைப்பதற்காக என்று சொன்னேன். "கரச்சுப் போடு, அப்படியே கொட்டிராத. ஒரே எடத்துல கெடந்தா தொட்ட மீனுக்கு எரியும்" என்றார். வாழ்நாள் முழுக்க உப்பில் நின்றவருக்கு அது தெரியாதா? அவர் சொன்னபடியே பெரிய அண்டாவில் கரைத்து, குட்டையைச் சுற்றி நடந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ரத்னம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காலி மூட்டையை மடித்து என்னிடம் நீட்டி, "இந்தாங்க மேடம், சாக்கு" என்றார். மேடம் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் கடைசி. அதன் பிறகு ஜெயா ஆகிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் சில மீன்கள் செத்தன. மூன்றாவது நாள் ஒன்றும் சாகவில்லை. அடுத்த வாரம் நானும் சாரும் போய் மறுபடி ரத்தம் எடுத்தோம். இந்த முறை கரையில் ஆள் இல்லை, நாங்கள் மூன்று பேர்தான். குழாயில் ஏறியது சிவப்பு ரத்தம். ரத்னம்மா அந்தக் குழாயைக் கையில் வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நல்லாருக்குது" என்றார், சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும் நெற்றியைத் தொட்டுச் சொல்வார்களே, அந்தக் குரலில். மூன்று வாரத்தில் போட வேண்டிய வலையை ஐந்து வாரத்தில் போட்டார்கள். பெரும்பாலான மீன்கள் தப்பித்துவிட்டன. தக்காளிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சார் அந்தக் குட்டையை ஆய்விலிருந்து நீக்கவில்லை. பழுப்பான நாளும் சிவந்த நாளும் இரண்டுமே தனிப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் ஒப்பீடு சின்னது. பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இது எந்தப் பிராணி என்பதோடு கதை முடிவதில்லை. எந்தத் தண்ணீரில் கிடக்கிறது, எந்தப் புல்லைத் தின்கிறது என்பதும் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. ஒரே இன மாடுதான், கெலமங்கலத்துப் பக்கம் ஒரு மாதிரி, பாகலூர்ப் பக்கம் ஒரு மாதிரி. தீவனம் மாறினால் அதே மாட்டிலும் எண் மாறுகிறது.

மனித ரத்தம் மட்டும் பாக்கி இருந்தது. லேபில் வேலை செய்கிறவர்கள் கொடுத்தோம். கிராமத்திலிருந்தும் சிலர் வேண்டும். மீன் செத்த கதை அதற்குள் நாலு ஊருக்குப் போயிருந்தது. பிழைத்த கதை அவ்வளவு வேகமாகப் போகவில்லை. பால் சேகரிக்கும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். பாத்திரத்தோடு வருவார்கள், என் கையிலிருக்கும் ஊசியைப் பார்ப்பார்கள், பாலை ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் ரத்னம்மா பால் கேனைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா இன்னா எடுத்திருக்கீங்க இதுவரைக்கும்?"

சொன்னேன். மீன், கோழி, வாத்து, ஆடு, மாடு.

"எங்களையும் அதோட எதுக்கு சேக்கறீங்க?"

"முதுகெலும்பு இருக்கறதெல்லாம் ஒரு வகைக்கா. மீனுக்கும் இருக்கு, நமக்கும் இருக்கு."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை மேசைமேல் நீட்டினார். "என் மீனு குடுத்துச்சு. என் மாடு குடுத்துச்சு. நான் குடுக்காம போனா அதுங்க இன்னா நெனைக்கும்" என்றார். ஒப்புதல் தாளை நான் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார். ரத்தம் ஏறும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் நிரம்பியதும், "சாக்கா?" என்று நானே கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குப் பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்தார்கள்.

எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு இங்கே ஒரு கெடுதலும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். தனியாக இருக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்விகள் இங்கேயும் உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால் கொடுத்ததைவிட வாங்கியதே அதிகம். என் பேச்சு புரியாவிட்டாலும் வீட்டுக்குள் கூப்பிட்டவர்கள், கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த ஒரு அதிகாரி, கையை நீட்டிய ஒரு பெண். ஊரில் இருந்திருந்தால் இவை எதுவும் எனக்குக் கிடைத்திருக்காது. இங்கே வந்திராவிட்டால் அம்மாவின் வேலைக்கு நான் கொடுக்க வேண்டிய மரியாதையும் எனக்குத் தெரிந்திருக்காது.

லேபில் கொடுத்தவர்கள் எல்லாரும் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். காலையில் பேருந்திலிருந்து இறங்கி, பையோடு நேராக லேபுக்குப் போய்க் கையை நீட்டினேன். பத்து நாளும் அம்மா சமைத்த மீன், அங்கத்துத் தண்ணீர். முதல் முறை கொடுத்தது இங்கத்துக் கீரை, ராகி, போர்த் தண்ணீர் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில். அன்று பிற்பகல் மெஷின் எண்ணைக் காட்டியதும் சார் என் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. இங்கே கொடுத்தது கூடுதல், அங்கிருந்து கொண்டுவந்தது குறைவு.

"இதுல உங்க வழக்கமான அளவு எது ஜெயராணி?" என்று கேட்டார், பேனாவைத் திறந்தபடி. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்குத் தேவை ஒரு கட்டத்தை நிரப்ப ஓர் எண்.

இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். "ரெண்டையும் எழுதிக்கிடுங்க சார்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஸ்கேலை வைத்து அந்தக் கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு எண்களையும் எழுதினார். மிச்ச ரத்த நீர் இருந்த இரண்டு சின்னக் குழாய்களை உறைபெட்டியில் வைக்க நான் போனேன். இரண்டிலும் என் பெயர். ஒன்றில் ஓசூர், ஒன்றில் தூத்துக்குடி என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஒரே தாங்கியில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் அவற்றைச் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.